மூன்று டெசிபெல்

ஐந்து வாட் வால்வு ஆம்ப் ஒன்றை வாங்கி, டிரம்ஸ் இருக்கும் அறைக்குள் அதைத் தூக்கிக்கொண்டு போகிற எவரும் இரண்டாவது வாரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இதை இன்னும் சத்தமாக்குவது எப்படி? நானும் கேட்டேன். போன இடமெல்லாம் ஒரே பதில். "பெருசா ஒண்ணு வாங்கு மச்சி." கடைக்காரர் அதைச் சொன்னால் அவருக்கு வியாபாரம், புரிந்துகொள்ளலாம். கூட வாசிக்கிறவர்கள், பத்துப் பதினைந்து வருஷமாக வாசிக்கிறவர்கள், அவர்களும் அதையேதான் சொன்னார்கள். நான் பொறியியல் படித்தவன். மடக்கை என்றால் என்னவென்று தெரிந்தவன். இருந்தும் கேட்டுக்கொண்டு போய் 50 வாட் வாங்கினேன். அந்தப் பதில் பாதி தப்பு, மீதி சோம்பேறித்தனம் என்று இப்போது சொல்கிறேன். என் இடது காதில் மூன்று வருஷமாக ஒரு விசில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் கோபத்தோடே சொல்கிறேன்.

இடம் நியூ ஜெர்சியில் ஒரு நண்பரின் கராஜ். இரண்டு கார் நிற்கிற அளவு, சிமெண்ட் தரை, தகரக் கதவு. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் கூடுவோம். கொஞ்சம் ராஜா பாட்டு, கொஞ்சம் ப்ளூஸ். டிரம்ஸ் வாசிப்பவர் எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணா. வாரம் முழுக்க மீட்டிங்கில் பேசாததையெல்லாம் அங்கே வந்து ஸ்நேர் மேல் பேசிவிடுவார். அவருக்கு முன்னால் என் ஐந்து வாட் பெட்டி ஈனஸ்வரத்தில் முனகும். எட்டு அங்குல ஸ்பீக்கர், வால்யூம், ட்ரெபிள், பாஸ் என்று மூன்று குமிழ், கடைசியில் ஒரே ஒரு பவர் வால்வு. 1950களின் ஃபெண்டர் சாம்ப் ஆம்பின் குடும்பம் இது. அந்த சாம்ப்பில் ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, மின்சாரத்தை நேராக்க ஒரு 5ஒய்3. மொத்தமே மூன்று வால்வு. நம் வீடுகளில் இருந்த பழைய வால்வு ரேடியோக்களில்கூட இதைவிட அதிகம் இருந்திருக்கும்.

வாட் என்பது ஆம்ப் ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற மின்திறன். அவ்வளவுதான். அது சத்தம் இல்லை. வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல் கூடும். 3 டெசிபெல் என்பது கவனித்துக் கேட்டால் "ம், கொஞ்சம் கூடியிருக்கு" என்று சொல்லக்கூடிய அளவு. கேட்கிறவருக்கு "ரெண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற சுமார் 10 டெசிபெல் வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். ஆக ஐந்திலிருந்து பத்து வாட்டுக்குப் போகிறவன் காசைக் கொடுத்து ஒரு "ம்" வாங்குகிறான். ஐந்திலிருந்து ஐம்பதுக்குப் போன நான் வாங்கியது இரண்டு மடங்கு சத்தம், நாலு மடங்கு எடை, ஒரு முதுகுப் பிடிப்பு.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் வருவார். "அதெல்லாம் டிரான்ஸிஸ்டர் வாட். வால்வு வாட் வேற." வாட்டில் சாதி கிடையாது. வால்வு ஆம்ப் எல்லை தாண்டும்போது அலையின் தலையை மழுங்கலாக வெட்டுகிறது. அந்தச் சிதைவு காதுக்கு இனிமையாக இருப்பதால் நாம் எல்லை தாண்டியே வாசிக்கிறோம். 5 வாட் என்று எழுதியிருக்கும் பெட்டி அப்போது அதைவிடக் கூடுதலாகவே தள்ளும். டிரான்ஸிஸ்டர் ஆம்ப் அதே இடத்தில் கரகரத்துவிடும் என்பதால் அதை எல்லைக்குக் கீழேயே வைத்துக்கொள்கிறோம். வித்தியாசம் நாம் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது.

சரி, அந்த ஐந்து வாட் எங்கே போகிறது? சின்னப் பெட்டிகளோடு வரும் எட்டு அங்குல ஸ்பீக்கர்கள் பல, ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால், 90ஐ ஒட்டிய டெசிபெல்தான் கொடுக்கும். 92 என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் ஒலியாக வெளியே வருகிறது. மீதி 99 சதவீதம் அந்தக் காந்தத்துக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளைச் சூடாக்கிவிட்டுப் போய்விடுகிறது. பன்னிரண்டு அங்குல கிடார் ஸ்பீக்கர்களில் செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் 98, விண்டேஜ் 30 என்ற மாடல் 100. 92லிருந்து 100க்குப் போனால் 8 டெசிபெல். வாட் கணக்கில் ஆறு மடங்குக்கு மேல். அதாவது உங்கள் ஐந்து வாட் பெட்டியைத் திறக்காமல், ஒரு ஸ்க்ரூவைக் கழற்றாமல், அதன் பின்னால் இருக்கும் ஒயரைப் பிடுங்கி ஒரு பன்னிரண்டு அங்குலப் பெட்டியில் சொருகினால், பழைய ஸ்பீக்கரில் 30 வாட் கொடுத்த மாதிரி. ஓம் கணக்கு மட்டும் பொருந்த வேண்டும். ஆம்ப் 8 ஓம் கேட்டால் 8 ஓம் கொடுங்கள். ஸ்பீக்கர் ஒயரே இல்லாமல் வால்வு ஆம்பை மட்டும் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இந்த ரகசியம் ரகசியமே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் மைக்செட் அண்ணனுக்குத் தெரியும். மார்கழி விடியலில் கோயில் பக்கத்துத் தென்னை மரத்தில் இரண்டு குழாய் கட்டுவார். நாங்கள் குழாய் என்போம், கூம்பு வடிவ ஒலிபெருக்கி என்று போலீஸ் அறிவிப்பில் எழுதுவார்கள். அவருடைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் பெரிய பூதம் இல்லை. ஆனால் பாட்டு இரண்டு வயல் தாண்டிப் பக்கத்து ஊர் வரை போகும். கூம்பு, டிரைவரின் சின்னத் தகட்டைக் காற்றோடு நன்றாகக் கைகோக்க வைக்கிறது. அப்படிப்பட்ட குழாய்கள் ஒரு வாட்டுக்கு 105 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். அதோடு, அதில் பாஸும் வராது, மேல் சுருதிகளும் முழுதாக வராது, நடுவில் இருப்பது மட்டுமே வரும். மனிதக் காது கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. 1933லேயே பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் இதை வளைகோடாக வரைந்து காட்டிவிட்டார்கள். குழாய் தன்னுடைய கொஞ்ச வாட்டையும் காதுக்குப் பிடித்த இடத்தைச் சுற்றியே செலவழிக்கிறது. (அந்தக் குழாயை நான் புனிதப்படுத்தவில்லை. அரைப் பரீட்சைக்குப் படித்த நாட்களில் அதைச் சபித்தவர்களில் நானும் ஒருவன்.)

கிடார்காரர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது பாஸை ஏற்று, ட்ரெபிளை ஏற்று, நடுவைக் குழிதோண்டி வைத்தால் சத்தம் சினிமாஸ்கோப் மாதிரி இருக்கும். அதே அமைப்போடு பேண்டுக்குப் போனால், கீழே பாஸ் கிடாரும் கிக் டிரம்மும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மேலே சிம்பல் தட்டுகள் பிடித்துக்கொள்ளும், கிடார் காணாமல் போகும். அப்போது கை வால்யூமுக்குப் போகிறது. போகவேண்டியது பாஸ் குமிழுக்கு. கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தைத் தள்ளத்தான் சின்ன ஆம்ப் மூச்சு வாங்குகிறது. பாஸைக் கணிசமாகக் குறைத்து, ட்ரெபிளையும் கொஞ்சம் குறைத்து, வால்யூமை அதற்கு ஏற்ப ஏற்றினால் நடு எழுந்து வரும். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி, அசிங்கமாகத்தான் இருக்கும். பேண்டுக்குள் அதுதான் கேட்கும். பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் நாற்பது வருஷத்துக்கு மேல் விற்றுக்கொண்டே இருப்பதற்கு அது 700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வைக்கும் அந்தத் திமில் ஒரு முக்கியக் காரணம்.

இதைவிட மலிவான வைத்தியம் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பது. ஸ்பீக்கர் தன் கூர்மையான ஒலிகளை டார்ச் லைட் மாதிரி நேராக அடிக்கும். தரையில் வைத்தால் அந்த வெளிச்சம் என் முழங்காலில் விழுகிறது. முழங்காலுக்குக் காது இல்லை. எனக்கு மந்தமாகக் கேட்கிறது, ஏற்றுகிறேன். எதிர்ச்சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கும் பாஸ் நண்பனின் முகத்தில் அது ஊசியாகக் குத்துகிறது, அவன் தன்னுடையதை ஏற்றுகிறான். அண்ணா இன்னும் பலமாக அடிக்கிறார். முக்கால் மணி நேரத்தில் நாலு பேரும் அவரவர் உச்சத்தில். அலுவலகத்தில் இதே கதைதான் நடக்கிறது. வலைத்தளம் மெதுவாக இருக்கிறது என்றால் எங்கே மெதுவாகிறது என்று அளந்து பார்க்காமல், "பெரிய சர்வர் போடு" என்று சொல்பவரை நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம். சனிக்கிழமையானால் கராஜுக்கு வந்து பெரிய சர்வர் வாங்குவோம்.

பெட்டியைத் திறந்து "மாடிஃபை" செய்கிறவர்கள் தனி ஜாதி. எங்கள் நண்பர் ஒருவர் 6வி6 இருந்த இடத்தில் 6எல்6 போட்டால் பவர் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டார். சாக்கெட்டில் அழகாக உட்கார்ந்தது. 6வி6 தன் ஹீட்டருக்குக் கேட்பது 0.45 ஆம்பியர். 6எல்6 அதைப் போல் இரண்டு மடங்கு, 0.9. அவருடைய டிரான்ஸ்ஃபார்மர் அதற்காகச் சுற்றியதில்லை. சத்தம் கூடவில்லை, கருகல் வாசனைதான் வந்தது. முன்னால் இருக்கும் சின்ன வால்வை மாற்றினாலும் இதே கதைதான். ஏற்கெனவே 12ஏஎக்ஸ்7 இருக்கிற இடத்தில் அதைவிட கெயின் கூடிய ஒன்றை எங்கே போய்த் தேடுவது? ஏற்கெனவே தலை தட்டிக்கொண்டிருக்கும் பவர் வால்வுக்குள் இன்னும் பெரிய அலையை அனுப்பினால் கிடைப்பது சிதைவு, சத்தம் இல்லை. இன்னொன்று. அந்தப் பெட்டிக்குள் 300, 400 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கலாம். அதை வடிக்கத் தெரியாதவர் உள்ளே கைவிடுவது வீரம் இல்லை. ஆளைக் கொல்லும்.

இந்த வாட் வெறி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 1960களின் நடுவில் அரங்கத்தின் ஒலிபெருக்கிகள் பாடகருக்கு மட்டும்தான். கிடார் கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமென்றால் மேடையில் இருக்கும் ஆம்பே அதைச் செய்தாக வேண்டும். 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் சுமார் 55,000 பேர் முன்னால் வாசித்தபோது வாக்ஸ் கம்பெனி அவர்களுக்கென்று செய்துகொடுத்த 100 வாட் ஆம்ப்கள் மேடையில் இருந்தன. கூட்டத்தின் அலறலில் அவை எடுபடவில்லை. லண்டனில் ஹான்வெல் என்ற இடத்தில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்துத் தன் முதல் ஆம்பைச் செய்தவர். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் அவரிடம் வந்து இன்னும் பெரிதாக வேண்டும் என்று கேட்டார். 100 வாட்டும், எட்டு ஸ்பீக்கர் வைத்த ஒரே பெட்டியும் அப்படித்தான் பிறந்தன. அந்தப் பெட்டியைத் தூக்க முடியாமல் ஆட்கள் முனகியதால்தான் அது நான்கு நான்காகப் பிரிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக இன்று நாம் போஸ்டரில் பார்க்கும் அடுக்கானது. 1976 மே 31 அன்று லண்டன் சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ வாசித்த சத்தம் 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபெல். கின்னஸ் அதை உலக சாதனையாக அச்சடித்தது. கேட்கும் திறனைக் கெடுக்கும் போட்டியை ஊக்குவிக்கக் கூடாது என்று பிறகு அந்தப் பிரிவையே கைவிட்டது. டவுன்ஷெண்ட் தன் காது இரைச்சலைப் பற்றிப் பல வருஷமாக வெளிப்படையாகப் பேசிவருகிறார். ஸ்டூடியோவில் ஹெட்ஃபோனில் சத்தமாகக் கேட்டதைத்தான் அவர் அதிகம் குற்றம் சொல்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பிறகு அரங்க ஒலிபெருக்கிகள் பெரிதாகி, ஒவ்வொரு ஆம்பின் முன்னாலும் ஒரு மைக் வந்து நின்றது. அந்த நாளோடு 100 வாட்டின் வேலை முடிந்தது. 1970இல் மயாமியின் கிரைட்டீரியா ஸ்டூடியோவில் எரிக் கிளாப்டன் 'லைலா' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பயன்பட்டது சின்ன ஃபெண்டர் சாம்ப் என்று சொல்வார்கள். மூன்று வால்வு, எட்டு அங்குலம். நீல் யங் 1959ஆம் வருஷத்து ஃபெண்டர் டீலக்ஸ் ஒன்றை, பதினைந்து வாட் சுமாருக்கு வரும் ஒரு சின்னப் பெட்டியை, மைதானங்களில் வைத்து வாசித்தவர். தேவை போய்விட்டது, எண் மட்டும் நிற்கிறது. பைக் வாங்கும்போது சிசி கேட்பது மாதிரி, போனில் மெகாபிக்ஸல் கேட்பது மாதிரி, "எத்தனை வாட்?"

எனக்குக் கோபம் வரும் இடம் இனிமேல்தான். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், ஒரு நாளைக்கு 85 டெசிபெல்லில் 8 மணி நேரம்தான் எல்லை என்கிறது. அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணி. 91இல் 2 மணி. 94இல் 1 மணி. 100இல் 15 நிமிஷம். அந்த 3ஐக் கவனியுங்கள். மூளைக்கு அது ஒரு "ம்". காதின் உள்ளே நத்தைச் சுருளில் இருக்கும் மயிர்ச் செல்களுக்கு அது இரண்டு மடங்கு. மூளை மடக்கையில் கணக்குப் போடுகிறது, அந்தச் செல்கள் வாங்குகிற அடியையோ நேராகக் கூட்டிக்கொண்டே போகவேண்டியிருக்கிறது. ஐந்து வாட்டை ஐம்பதாக்கியபோது எனக்குக் கிடைத்தது இரண்டு மடங்கு சத்தம். என் காதுக்கு இருந்த நேரம் பத்தில் ஒன்றானது. "பெருசா ஒண்ணு வாங்கு" என்றவர்கள் யாரும் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லவில்லை. நானும் தேடிப் பார்க்கவில்லை.

எங்கள் கராஜில் போன் மீட்டரை வைத்துப் பார்த்தபோது ஊசி 100க்கு மேலேயே நின்றது. போன் மீட்டர் துல்லியமில்லை, ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் வாசித்தது 15 நிமிஷம் இல்லை, மூன்று மணி நேரம். ஒரு நவம்பர் இரவு வீட்டுக்குத் திரும்பும்போது காரில் ஹீட்டர் சத்தம் கேட்கவில்லை, பதிலாக ஒரு விசில். காலையில் போய்விடும் என்று நினைத்தேன். காது பரிசோதனையில் வரைந்து காட்டிய கோடு 4,000 ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கியிருந்தது. சத்தத்தால் கெட்ட காதுகளில் வழக்கமாக விழும் இடமே அதுதான் என்றார் அந்தப் பெண். அம்மா போன் செய்தால் வலது காதுக்கு மாற்றிக்கொள்கிறேன். கூட்டமான இடத்தில் யாராவது ச, ஸ கலந்து பேசினால் உதட்டைப் பார்க்கிறேன். எனக்கு முப்பத்தைந்து வயது.

இங்கே ஒருவர் என்னை மடக்கலாம். "ஸ்பீக்கரை மாத்தி 8 டெசிபெல் ஏத்தச் சொன்னது யாரு? அதுவும் அதே காதுக்குத்தானே போகுது?" நியாயம். டெசிபெல்லுக்கு அது எந்த வழியாக வந்தது என்று தெரியாது. 100 டெசிபெல் ஸ்பீக்கரில் ஐந்து வாட்டை முழுக்கக் கொடுத்தால் ஒரு மீட்டரில் 107, அதுவும் காதைக் கெடுக்கும். ஆனால் ஐந்து வாட்டுக்கு ஒரு கூரை இருக்கிறது, ஐம்பதுக்கு அந்தக் கூரை 10 டெசிபெல் மேலே. நாலு பேரும் கோபத்தில் ஏற்றிக்கொண்டு போகும்போது கூரை இருப்பது நல்லது. நாற்காலியும் பாஸ் குமிழும் ஒரு டெசிபெல்கூட ஏற்றாமல் கிடாரைக் கேட்க வைக்கின்றன. அதனால்தான் அவற்றை முதலில் செய்யச் சொல்கிறேன், ஸ்பீக்கரைக் கடைசியில்.

இன்னொரு வாதம், இதை நான் மதிக்கிறேன். ராக் இசை உடம்பால் கேட்கப்படுவது, பேண்ட் துணி படபடக்க வேண்டும், ஸ்பீக்கரின் காற்று கம்பியைத் தொட்டு ஃபீட்பேக் வரவேண்டும் என்பது. உண்மைதான். ஃபீட்பேக் வரவேண்டுமானால் ஆம்பின் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஐந்து வாட்டும் அரை மீட்டரில் பாடும். சிதைவே இல்லாமல் சுத்தமான கிடார் வேண்டும், டிரம்மரும் கை ஓங்கி அடிப்பவர், மைக் வைக்க வசதியும் இல்லை என்றால் ஐந்து வாட் போதாது, இருபது வாங்குங்கள். அதை மறுக்கவில்லை. நூறு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

நாற்காலி வைத்த முதல் சனிக்கிழமை, இரண்டாவது பாட்டிலேயே அண்ணா குச்சியை நிறுத்திவிட்டுச் சொன்னார், "தம்பி, கிடாரைக் கொஞ்சம் கொறையேன்." மூன்று வருஷத்தில் முதல் தடவை. குறைத்தேன். அவர் இன்னும் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ள மறுக்கிறார். கையில் மூங்கில் கட்டுக் குச்சி கொடுத்தால் "இதுல வாசிச்சா துடைப்பத்தால பெருக்குற மாதிரி இருக்குப்பா" என்கிறார். அது வேறு சண்டை.

50 வாட் பெட்டியை விற்க முயன்றேன். பார்க்க வந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். நல்லா சத்தம் வருமா என்றுதான் முதலில் கேட்டான். விலை பேசாமலே அனுப்பிவிட்டேன். பெட்டி கராஜிலேயே இருக்கிறது, பிளக் போடாமல். என் ஐந்து வாட் ஆம்ப் இப்போது நிற்பது அதன் மேல்தான். ஸ்டூலில் உட்கார்ந்தால் காதுக்கு நேராக வருகிற உயரம்.